உள்ளே படிப்பு, வெளியே பிழைப்பு: செட்டிநாட்டுக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் வீட்டுத் திண்ணைக்குச் சிலர் வருவார்கள். கையில் மஞ்சள் பை இருக்கும். பைக்குள் எஃப்.ஐ.ஆர். நகல், தீர்ப்பின் நகல், ரேஷன் அட்டை. மகனோ கணவரோ மதுரை மத்தியச் சிறையில் இருப்பார். புதுக்கோட்டைப் பக்கத்தவர் என்றால் பெரும்பாலும் திருச்சியில். வந்ததும் விஷயத்தைச் சொல்லிவிட மாட்டார்கள். மழை, மாடு, பிள்ளையார்பட்டிக் கூட்டம் எல்லாம் பேசி முடித்து, எழுந்திருக்கும் நேரத்தில் குரலைத் தாழ்த்தி, "உள்ளே இருந்துகொண்டே படிக்கலாமாமே, சார்?" என்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். திண்ணைக்கு வரக் கூச்சப்படுகிறவர்களுக்கும் உதவும்.

சிறையில் இருந்தபடி நிஜமாகவே கல்லூரிப் பட்டம் வாங்க முடியுமா?

முடியும். 1985இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, 1994இலேயே டெல்லி திகார் சிறைக்குள் படிப்பு மையம் திறந்தது. அதன்பின் நாடெங்கும் பல சிறைகளுக்கு அந்த ஏற்பாடு பரவியது. 2002இல் உருவான தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நம் மாநிலச் சிறைகளில் பாடம் நடத்துகிறது. சிறைவாசிகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. பாடப் புத்தகம் உள்ளேயே வந்துவிடும், தேர்வும் உள்ளேயே நடக்கும்.

நம்பாதவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் பேரறிவாளன். வழக்கைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கட்டும், மதிப்பெண்ணில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. வேலூர் சிறையில் இருந்தபடி 2012இல் பிளஸ் டூ எழுதி 1200க்கு 1096 வாங்கினார். இக்னோவில் பி.சி.ஏ., எம்.சி.ஏ. படித்தார். தலைக்கு மேல் தூக்குக் கயிறு தொங்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை.

எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பது? நம் ஊர்ப் பல்கலைக்கழகம் கூடாதா?

நியாயமான ஆசை. 1947இல் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு லட்சம் ரூபாய் கல்லூரிக்கு அறிவித்தவர் அழகப்பச் செட்டியார். அந்த ஊர்க்காரர்களுக்கு இந்த ஆசை வராவிட்டால்தான் வியப்பு. அழகப்பா பல்கலைக்கழகமும் தொலைநிலைக் கல்வி நடத்துகிறது. ஆனால் சிறைக்குள் ஏற்கெனவே தடம் போட்டு ஓடிக்கொண்டிருப்பவை மேலே சொன்ன இரண்டும். உள்ளே யாருடைய மையம் இருக்கிறதோ அதில் சேருங்கள். மொழியையும் பாருங்கள். இக்னோவின் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். தமிழ் வழியில் படித்தவருக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோதானது. கணினிப் படிப்பு கேட்கும் பையன்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "உள்ளே கணினி எத்தனை, உனக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்?" அதற்குப் பதில் கிடைக்காவிட்டால் வணிகவியலோ வரலாறோ எடுப்பது நல்லது.

என் மகன் பத்தாம் வகுப்பே முடிக்கவில்லை. நேராகப் பட்டத்துக்குப் போகலாமா?

வேண்டாம், அவசரப்படாதீர்கள். திறந்தநிலைப் படிப்புகளில் முன்பு குறுக்கு வழிகள் இருந்தன. பத்தும் பன்னிரண்டும் இல்லாமல் பட்டம் வாங்கி வந்தவர்கள் அரசு வேலை வாசலில் நிறுத்தப்பட்டார்கள். அப்படிப்பட்ட பட்டம் செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். அரசுத் தேர்வுத் துறை பொதுத் தேர்வுகளுக்குச் சிறைக்குள்ளேயே மையம் அமைக்கிறது, தனித்தேர்வராக எழுதலாம்.

எழுத்தே தெரியாதவர்களுக்கும் எழுத்தறிவு வகுப்பு உண்டு. கல்லல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகனிடமிருந்து வந்த கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். நாலே வரி. 'அம்மா' என்பதில் மகரத்துக்குப் புள்ளி வைக்க மறந்து, பிறகு பேனாவை அழுத்திக் குத்தியதில் காகிதமே ஓட்டையாகியிருந்தது. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஓட்டையை விரலால் தடவித் தடவிக் காட்டினார். அதுவரை அவன் பெயரில் வந்த கடிதங்களை எல்லாம் பிளாக்கில் இருந்த வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள்.

இன்னும் தீர்ப்பு வரவில்லை, விசாரணைக் கைதிதான். சேரலாமா?

சேரலாம். ஆனால் ஜாமீன் எப்போது வரும், எந்தச் சிறைக்கு மாற்றுவார்கள் என்று தெரியாத நிலையில் மூன்று வருடப் படிப்பைவிட ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு புத்திசாலித்தனம். ஜாமீனில் வந்தால் வெளியே உள்ள மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சேர்க்கை எண்ணை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

படிப்போடு இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவின்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் அந்தக் குற்றத்துக்கான உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் அவரைப் பிணையில் விட வேண்டும், மற்றவர்களுக்குப் பாதி. தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. காவலில் உள்ள எவருக்கும், வருமானம் எதுவானாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

சேர்வதற்கு வீட்டிலிருந்து என்ன வேண்டும்?

இங்கேதான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். படிக்க வேண்டியவர் உள்ளே இருக்கிறார், காகிதம் எல்லாம் வெளியே இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார், புகைப்படம், சாதிச் சான்றிதழ். நம் பக்கத்து வீடுகளில் இவை இருக்கும் இடம் உங்களுக்கே தெரியும்: அப்பத்தாவின் டிரங்குப் பெட்டி, பட்டுச் சேலைக்கு அடியில். சென்ற ஆண்டு ஒரு வீட்டில் பெட்டியைத் திறந்தால் சேலை பத்திரமாக இருக்கிறது, மதிப்பெண் பட்டியலைக் கரையான் தின்றிருக்கிறது. கணக்குப் பாடத்தின் மதிப்பெண் மட்டும் மிச்சம், முப்பத்தைந்து. படித்த பள்ளியின் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு எழுதி இரண்டாம்படி வாங்கினோம். அதற்குள் அந்தப் பருவத்துச் சேர்க்கை முடிந்துவிட்டது. ஆறு மாதம் போயிற்று.

இன்னொரு சிக்கல் புதிது. தொலைநிலைக் கல்வியில் சேர இப்போது இணையத்தில் அடையாள எண் உருவாக்க வேண்டும். அதற்கு ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஒருமுறைக் கடவுச்சொல் வரும். அந்தக் கைபேசி வழக்குச் சொத்தாக நீதிமன்றத்தில் இருக்கும், அல்லது ரீசார்ஜ் செய்யாமல் எண் வேறொருவருக்குப் போயிருக்கும். ஆகவே, கைதான முதல் மாதமே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு: அவருடைய சிம் அட்டை வீட்டில் இருந்தால் அதை உயிரோடு வைத்திருங்கள். வக்கீல் ஃபீஸ் கொடுத்துக் களைத்த வீட்டில் இதைச் சொன்னால் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். பரவாயில்லை.

விண்ணப்பத்தில் வீட்டு முகவரியைக் கொடுங்கள். சான்றிதழ் தபாலில் வரும்போது அவர் எந்தச் சிறையில் இருப்பாரோ, வெளியே வந்திருப்பாரோ, யாருக்குத் தெரியும்.

மனு பார்க்க, அதாவது சிறையில் அவரைச் சந்திக்க, போகும்போது புத்தகம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துத்தான் உள்ளே அனுப்புவார்கள் என்பதால் அன்றே அவர் கைக்குப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சுருள்கம்பி போட்ட நோட்டு, கெட்டி அட்டைப் புத்தகம் இவற்றைத் தவிர்த்தால் வாசலில் வாக்குவாதம் மிச்சம். பக்கங்களுக்கு நடுவே பணம், கடிதம், சாமி படம் எதுவும் வைக்காதீர்கள். விபூதிப் பொட்டலத்தைப் பார்த்தால் வார்டருக்கு விபூதி நினைவு வராது.

புத்தகத்துக்கே வழியில்லாத வீடுகளும் கவலைப்பட வேண்டாம். சிறைகளுக்கு நூலகம் உண்டு. சிறைத்துறையே 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் அரங்கு வைத்துப் பொதுமக்களிடம் சிறை நூலகங்களுக்குப் புத்தகம் திரட்டியது. பழைய தேர்வு வழிகாட்டிகளையும் அகராதிகளையும் கொடுக்க நினைப்பவர்கள் கொடுக்கலாம். வாரப் பத்திரிகைக் கட்டுகளைக் கழித்துக்கட்ட இதை ஒரு வழியாக நினைக்க வேண்டாம்.

அந்த இரைச்சலில் எப்படிப் படிப்பார்?

சிரமப்பட்டுத்தான். மாலையில் அடைத்தால் மறுநாள் காலையில்தான் திறப்பு. விளக்கு இரவு முழுக்க எரியும். படிக்க வெளிச்சத்துக்குக் குறைவில்லை, அமைதிக்குத்தான் குறைவு. நான் சொல்வது, எழுதுங்கள். இக்னோவில் பெரும்பாலான பாடங்களில் 100க்கு 30 மதிப்பெண் ஒப்படைப்புகளுக்கு. கையால் எழுதிக் கொடுக்க வேண்டியவை. இரைச்சலில் படிப்பு ஏறாது, ஆனால் பார்த்து எழுதும்போது கை ஓடிக்கொண்டிருக்கும், மனம் பின்னாலேயே வந்துவிடும். தேர்வுக் கூடத்தில் மூன்று மணி நேரம் எழுதும் பழக்கமும் அதில்தான் வரும்.

மனு பார்க்கப் போகிறவர்கள் வழக்கைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். "எந்தப் பாடம் முடிந்தது?" என்று ஒரு கேள்வி. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போய், கிடைக்கும் சில நிமிடத்தில் இந்தக் கேள்விக்கு இடம் ஒதுக்குங்கள். அடுத்த முறை அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டுமே என்று அவர் படிப்பார்.

பெண்களுக்கும் இது உண்டா?

உண்டு. மதுரையிலும் திருச்சியிலும் பெண்களுக்கான தனிச் சிறைகள் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த கசப்பு வேறு. மகன் உள்ளே போனால் தாய் பஸ் ஏறுகிறாள். மகள் உள்ளே போனால் வீட்டில் அவள் பெயரையே எடுப்பதில்லை. என் திண்ணைக்கு வந்தவர்களில் பெண்ணின் சான்றிதழைத் தேடி வந்தவர் இதுவரை ஒரே ஒருவர், அவளுடைய அத்தை.

பட்டம் வாங்கினால் தண்டனை குறையுமா?

பட்டம் கதவைத் திறக்காது. அப்படி யாராவது பணம் கேட்டுச் சொன்னால் நம்பாதீர்கள். ஒழுங்காகப் படித்தது நன்னடத்தைப் பதிவில் ஏறும், முன்விடுதலை பற்றிய பரிசீலனையில் அது கண்ணில் படும், அவ்வளவுதான். நன்னடத்தையுள்ள தண்டனைக் கைதிகளை அனுப்பும் திறந்தவெளிச் சிறை ஒன்று நம் சிவகங்கை மாவட்டத்திலேயே, புரசடை உடைப்பில் இருக்கிறது. விவசாய வேலை. அங்கே போகிறவருக்கு வெளியுலகக் காற்று கொஞ்சம் முன்னதாகவே பழகிவிடுகிறது.

பரோல் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் 1982இல் சாதாரண விடுப்புக்கான காரணங்களில், விடுதலைக்குப் பிந்தைய வாழ்வுக்கு ஏற்பாடு செய்துகொள்வதும் ஒன்று. கல்யாணம், காதுகுத்துக்கு மட்டும் பரோல் கேட்கும் குடும்பங்கள் இதையும் மனத்தில் வைக்கலாம். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். அவரைப் போலீஸ் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டு, பிறகு அழுத வீடும் உண்டு.

சான்றிதழில் சிறை என்று அச்சடித்திருக்குமா?

பட்டச் சான்றிதழில் இருக்காது. வெளியே படித்தவர் வாங்கும் அதே தாள்தான்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வழக்கைச் சொல்ல வேண்டுமா?

விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் சொல்லத்தான் வேண்டும். 2016இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இது: கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும், மறைத்தால் அந்த மறைப்பே வேலையைப் பறிக்கப் போதும். உண்மையைச் சொன்னவருடைய வழக்கின் தன்மையைப் பார்த்து நிர்வாகம் முடிவெடுக்கலாம். கேட்காத இடத்தில் போய் ஊருக்கெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

சிலருக்குச் சட்டமே தடையை நீக்கியிருக்கிறது, அவர்களுக்குத் தெரிவதில்லை. 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி, அதாவது சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில், விடுவிக்கப்பட்டவருக்கு அந்தத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு கிடையாது. அதன் 12ஆம் பிரிவைப் பாருங்கள். சிறுவனாக இருந்தபோது நடந்த வழக்கு என்றால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு காக்கும். பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்ட கொடுங்குற்ற வழக்குகள் மட்டும் விதிவிலக்கு. சட்டம் படிக்க ஆசைப்படுகிறவர்கள் உள்ளே நிறைய, தன் வழக்கைத் தானே படித்துப் படித்து வரும் ஆசை. ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் (திருட்டு, மோசடி போன்றவையும் இதில் அடக்கம்) தண்டனை பெற்றவர் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. விடுதலையாகி இரண்டு ஆண்டு கழிந்தால் அந்தத் தடை விலகுகிறது.

சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ அனுப்பிவிட்டால் போதும் என்கிறார் என் தம்பி. முடியுமா?

நம் ஊரில் எந்தச் சிக்கலுக்கும் கப்பலேறுவதுதான் முதல் மருந்து. ஆனால் 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தை முதலில் பாருங்கள். ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவருக்கு, தண்டனை விதிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுவரை பாஸ்போர்ட் மறுக்கலாம். வழக்கு நிலுவையில் இருந்தாலும் மறுக்கலாம். நீதிமன்ற அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். அதையும் தாண்டினால் பல நாடுகள் போலீஸ் நற்சான்று கேட்கும். ஏஜென்டிடம் பணம் கட்டும் முன் இவற்றை வக்கீலிடம் கேளுங்கள். கட்டிய பணம் திரும்பி வந்ததாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அப்படியானால் இங்கேயே யார் வேலை கொடுப்பார்கள்?

இதுதான் உண்மையான கேள்வி. மற்றதெல்லாம் காகிதம்.

வ.உ.சி.யை நினைத்துப் பாருங்கள். 1912 இறுதியில் சிறையிலிருந்து வெளியே வந்தார். கப்பல் ஓட்டியவருக்கு வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்தது. சென்னையில் அரிசியும் மண்ணெண்ணெயும் விற்றுப் பார்த்தார். பிறகு உரிமம் திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றியில் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். நாட்டுக்காகப் போனவருக்கே இந்தக் கதி என்றால் அடிதடியில் போனவனை ஊர் எப்படிப் பார்க்கும்? நம் ஆட்களைக் குறை சொல்வதாகத்தான் இதைச் சொல்கிறேன். நகரத்தார் கடைகளில் அந்தக் காலத்தில் ஏஜென்டாகப் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ போனவர் மூன்று வருடக் கணக்கு முடித்துத் திரும்புவார். ஐந்தொகையை, அதாவது சொத்து, கடன் எல்லாம் சேர்ந்த முடிவுக் கணக்கைப் பார்த்துத்தான் அடுத்த பேச்சு. உள்ளே போய் வந்தவரிடமும் அதைத்தான் கேட்கச் சொல்கிறேன். இருந்த வருடங்களில் என்ன சேர்த்துக்கொண்டு வந்தாய், காட்டு.

பி.காம். முடித்து வந்த ஒருவரை இங்கே ஒரு கடையில் கணக்கு எழுதச் சேர்த்துவிட்டேன். பத்து நாளில் நிறுத்திவிட்டார்கள். கல்லாவில் குறைவு எதுவும் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனதுதான் காரணம். அவர் இப்போது ஆத்தங்குடி ஓடு போடும் பட்டறையில் இருக்கிறார். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, கரண்டியால் வண்ணக் குழம்பை அறை அறையாக ஊற்ற வேண்டும். அச்சைத் தூக்கும்போது கை நடுங்கினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். மேலே காய்ந்த சிமெண்ட் மணல், அதற்கு மேல் ஈரக் கலவை. காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். எடுத்துக் கண்ணாடியைப் பிரித்தால் ஓட்டில் முகம் பார்க்கலாம். முதல் வாரம் அவர் போட்டதில் பாதி வீணாயிற்று. பட்டறைக்காரர் திட்டினார், எல்லோரையும் திட்டுவதுபோலவே திட்டினார். மாலையில் அந்தப் பட்டறையின் ஜி.எஸ்.டி. கணக்கை எழுதுவதும் இப்போது அவர்தான். பி.காம். அங்கேதான் பயன்பட்டது, பின்வாசல் வழியாக.

சொந்தத் தொழிலுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் திட்டங்கள் உண்டு. சில திட்டங்கள் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கும். உள்ளே முடித்த எட்டும் எட்டுதான். கண்டாங்கி நெசவு, பலகாரம், பழைய மரச்சாமான் மெருகு என்று நம் பக்கத்தில் கையை நம்பும் தொழில்கள் இன்னும் இருக்கின்றன. விடுதலையானவர்களுக்கான உதவிச் சங்கத்தைப் பற்றி நன்னடத்தை அலுவலரிடம் கேளுங்கள்.

படித்துவிட்டால் மறுபடி தப்புக்குப் போகமாட்டார் என்று நிச்சயமா?

யாராலும் எழுதித்தர முடியாது. அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 2013இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிறையில் கல்வித் திட்டங்களில் சேர்ந்தவர்கள் மறுபடி குற்றத்துக்குத் திரும்பும் வாய்ப்பு மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவு என்று கண்டது. திருந்த நினைப்பவன்தான் வகுப்புக்குப் போகிறான் என்று வாதாடலாம். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். அதே அமெரிக்கா 1994இல் கைதிகளுக்கான கல்லூரி உதவித்தொகையை நிறுத்தி, சிறைக் கல்லூரிகள் பல மூடிக்கிடக்க, 2023 ஜூலையில்தான் முழுதாகத் திரும்பக் கொடுத்தது. நிறுத்தியதில் மிச்சமானது என்ன என்று அவர்கள் கணக்குப் பார்த்திருப்பார்கள்.

விடுதலை நாளன்று என்ன செய்ய வேண்டும்?

ஒருவர் போனால் போதும். வேன் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் போக வேண்டாம். மாலை, வெடி வேண்டவே வேண்டாம். செருப்பு கொண்டுபோங்கள். பழைய சட்டை சேராது, ஓர் அளவு கூட்டியோ குறைத்தோ புதிது எடுங்கள். விடுதலைச் சான்று, உள்ளே வேலை செய்த கூலிக் கணக்கு, மருத்துவச் சீட்டு, படிப்பு முடியவில்லை என்றால் சேர்க்கை எண்ணும் ஒப்படைப்பு கொடுத்த விவரமும், இவற்றை வாசலிலேயே சரிபார்த்து வாங்குங்கள். திரும்பவும் அந்த வாசலுக்குப் போய் ஒரு தாள் கேட்க அவருக்கு மனம் வராது.

முதல் வாரத்தில் ரேஷன் அட்டையில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாத வங்கிக் கணக்கு முடங்கியிருக்கும்; ஆதாரோடு போய் உயிர்ப்பியுங்கள். சிறையில் இருக்கும்போது வாக்களிக்க முடியாது, வந்தபின் முடியும். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் படிவம் 6.

பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை அவருக்கு விடுங்கள். திருப்பத்தூர் வரும்வரை எதுவும் கேட்காதீர்கள். படிப்பைப் பாதியில் விட்டு வந்திருந்தால், தேர்வு ஜூனிலா டிசம்பரிலா என்று மட்டும் வீட்டு நாட்காட்டியில் முன்கூட்டியே வட்டம் போட்டு வைத்திருங்கள். வந்ததும் அவர் கண்ணிலேயே படட்டும்.